காரணம் சொல்லாத விலகல்

பாரிமுனையில், அதாவது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வைத்திருப்பவர்களுக்கு, நீதிபதி காரணம் சொல்லாமல் வழக்கிலிருந்து விலகுவது பழக்கம். மாதக்கணக்கில் காத்திருந்து காஸ் லிஸ்ட்டில் (அன்றைய விசாரணைப் பட்டியலில்) எண் வரும். நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு "வேறு பெஞ்சில் போடுங்கள்" என்பார். கட்டு ரிஜிஸ்ட்ரிக்கு (நீதிமன்ற அலுவலகத்துக்கு) போய், தலைமை நீதிபதி உத்தரவிட்டு, புது அமர்வின் பட்டியலில் ஏற வேண்டும். ஏன் விலகினார் என்று உத்தரவில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

விலகியதைக் குறை சொல்லவில்லை, வாய் திறக்காமல் விலகியதைத்தான் சொல்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1997இல் ஏற்ற நெறிகளில், தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கு வந்தால் அதை வெளியே சொல்லி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் கேட்கலாம் என்று இருக்கிறது. இருந்து கேட்பதற்கே சொல்ல வேண்டுமென்றால், எழுந்து போவதற்குச் சொல்ல என்ன தயக்கம்?

1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சாப்பாட்டை மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றம் ஒரு சிப்பாயைத் தண்டித்தது. அவர் யார்மேல் புகார் எழுதியிருந்தாரோ, அந்த அதிகாரியே அதில் உட்கார்ந்திருந்தார். தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதி தன் மனதைத் தடவிப் பார்த்தால் போதாது, எதிரே நிற்பவருக்கு நியாயமாக என்ன தோன்றும் என்று பார்க்க வேண்டும் என்றது. அளவுகோல் கட்சிக்காரரின் மனது என்றால், காரணத்தை அவரிடமே மறைப்பது எந்த ஊர் நியாயம்?

மௌனத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பிடிக்காத பெஞ்சிலிருந்து தப்ப, நீதிபதியின் உறவுக்கார வக்கீலை நடுவில் வக்காலத்து போட வைத்து அவரை விலகச் செய்வது பழைய வித்தை. காரணம் பதிவானால் யார் செய்த வேலை என்று ஊருக்கே தெரியும். 2015இல் நீதிபதிகள் நியமன ஆணைய வழக்கில், காரணம் சொல்வது கடமை என்று நீதிபதி குரியன் ஜோசப் எழுதியும் வழக்கம் மாறவில்லை.

கட்சிக்காரர்களும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஆட்சேபணை இருந்தால் தெரிந்த அன்றே சொல்லுங்கள். மானக் லால் வழக்கில் (1957), வக்கீலான அவரை விசாரித்த குழுவின் தலைவர் முன்பு எதிர்த்தரப்புக்கு ஆஜரானவர். குழு அமைந்த விதம் தவறு என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் தெரிந்தும் சும்மா இருந்ததால் மானக் லால் தோற்றார். முடிவு எப்படி வருகிறது பார்ப்போம் என்று காத்திருந்தால் இதுதான் கதி.

கீழ் நீதிமன்றத்தில் வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றக் கேட்க, சிவில் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவு. கிரிமினல் என்றால், அதே மாவட்டத்துக்குள் மாற்ற முதலில் செஷன்ஸ் நீதிபதியிடம் மனு. அங்கே தள்ளுபடியானால்தான் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 447ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். அஃபிடவிட் கட்டாயம். மனுப் போடுவது குற்றம்சாட்டப்பட்டவர் என்றால் அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் கொடுத்து, மனு விசாரணைக்கு வருமுன் 24 மணி நேரமாவது கழிய வேண்டும். "ஜாமீன் தரவில்லை", "எங்கள் வக்கீலைத் திட்டினார்" என்பதெல்லாம் தனியாக நிற்காது. வீண் மனு என்று பட்டால் எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கட்டச் சொல்வார்கள்.