ஈம் பேய் ஊரு இல்லைங்க

இங்கிலாந்துல இருக்கற ஈம்ங்கற கிராமத்தப் பத்தி ஒரு தம்பி போட்ட வீடியோவப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன், ஆனா ஆளாளுக்கு ஷேர் பண்ணி என்னையும் டேக் பண்றீங்க. "இங்கிலாந்தின் சாவு கிராமம்"னு தலைப்பு, பின்னாடி பேய்ப்பட மியூசிக். ஈம்ல இன்னைக்கும் ஆயிரம் பேருக்குப் பக்கமா வாழ்றாங்க, ஸ்கூல் இருக்கு, பஸ் வருது. அது பேய் ஊரு இல்ல.

டெர்பிஷையர் மலைச்சரிவுல இருக்கு. வடக்க மணற்கல் மேடு, தெக்க சுண்ணாம்புக்கல், ரெண்டும் சேர்ற எடத்துல ஊத்து கெளம்பும், அந்தத் தண்ணிய 1588லயே கல்தொட்டிகளுக்குக் கொண்டுவந்து ஊருக்குப் பொதுவா வெச்சிருந்தாங்க. சுண்ணாம்புக்கல்லுல ஈயம் தோண்டிப் பொழச்ச சனங்க. இதுல ஒரு வார்த்தையாவது வீடியோல வந்துச்சா?

1665ல டெய்லர் வீட்டுக்கு லண்டன்லருந்து வந்த துணியில தெள்ளுப்பூச்சி, அதோட பிளேக்னு சொல்வாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல பாதிரியார் மாம்பெசனும் அவருக்கு முன்னாடி அங்க இருந்த ஸ்டான்லியும் பேசி, நோய் பக்கத்து ஊருக்குப் பரவக்கூடாதுன்னு யாரும் எல்லை தாண்டுறதில்லன்னு ஊரே ஒத்துக்கிச்சு. எல்லைக்கல்லுல குழி, காசுல நோய் ஒட்டிட்டுப் போகாம இருக்க அதுல வினிகர், அதுக்குள்ள காசு போட்டா வெளியூர்க்காரங்க சாப்பாடு வெச்சிட்டுப் போவாங்க. செத்தது சுமார் 260 பேர். இதத்தான் அந்தத் தம்பி "முட்டாள்தனம்"ங்கறாரு.

உடனே ஒருத்தர் வருவீங்க, மாம்பெசன் தன் புள்ளைங்கள மட்டும் முன்னாடியே அனுப்பிட்டாரேன்னு. அனுப்பினாருதான். அவர் மனைவி கேத்தரின் கூடவே இருந்து ஆகஸ்ட்ல செத்தாங்களே, அத ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? ஏழைங்களுக்குப் போக எடமே இல்ல, இதுல என்ன தியாகம்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். அதுக்காக அது பேய் ஊரா ஆயிடுமா?

எலிசபெத் ஹான்காக்னு ஒரு அம்மா, எட்டே நாள்ல புருஷனையும் ஆறு புள்ளைங்களையும் தன் கையாலயே பொதைச்சாங்க. 2020ல எங்க பெரியப்பா போனப்போ ஃப்ளைட் இல்லாம, ஷெஃபீல்ட்ல ரூம்ல உக்காந்து வாட்ஸப்ல கொள்ளி வெக்கறதப் பாத்தவன் நான். அப்போ "வராதப்பா, பத்திரமா இரு"ன்னு சொன்ன அதே சொந்தக்காரங்கதான் இப்ப அந்த வீடியோக்குக் கீழ சிரிப்பு எமோஜி போட்டிருக்கீங்க. வலிக்குதுங்க.

வியூஸ் வேணும், புரியுது. அந்த ஏழு பேர் பொதைஞ்ச எடத்துச் சுத்துச்சுவர் மேல உக்காந்து நாக்க நீட்டி எடுத்த தம்ப்நெயில மட்டுமாவது எடுத்துடச் சொல்லுங்க.