ஐரிஷ் மொழிக்கு நிலம் கேட்ட வாத்தியார்

2022 சென்சஸ்ல அயர்லாந்துல கிட்டத்தட்ட 18.7 லட்சம் பேர் எனக்கு ஐரிஷ் பேசத் தெரியும்னு சொல்லியிருக்காங்க. சரி, பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுறது எத்தனை பேருன்னு பாத்தா சுமார் 72,000. அவ்வளவுதான். நூறு வருஷமா ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்க, அரசியலமைப்புச் சட்டத்துல அதுதான் முதல் ஆட்சி மொழி, ரோட்டுல ஊர் பேரெல்லாம் ஐரிஷ்ல எழுதி வெச்சிருக்கான், ஆனா கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கணும்னா இங்கிலீஷ்தான். இது இப்படித்தான் முடியும்னு 1930கள்லயே கத்துன ஒரு ஸ்கூல் வாத்தியார் இருந்தாரு, பின்னாடி நாவலும் எழுதினவரு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருக்கறவங்க படிங்க.

பேரு மார்ட்டீன் ஓ கைன். 1906ல அயர்லாந்தோட மேற்குக் கரையில, கானமாரா பக்கம் ஸ்பிடல்ங்கற கடலோர ஊருக்குப் பக்கத்துல பொறந்தவரு. கானமாரான்னா அழகான போட்டோவா நெட்ல பாத்திருப்பீங்க. அங்க பொழைக்கிறவனுக்கு அது வெறும் பாறை. பாறைக்கு நடுவுல கடல்பாசியை அள்ளிப் போட்டு உருளைக்கிழங்கு வெளைய வெப்பாங்க. வீட்டுல, தெருவுல எல்லாம் ஐரிஷ். இந்த மாதிரி ஐரிஷே பேச்சா இருக்கற ஏரியாக்களுக்கு கேல்டக்ட்னு பேரு. டப்ளின்ல மொழிப்பற்று உள்ள கனவான்கள் கோடை லீவுல இங்க வந்து, கெழவிங்க பேசுறதைக் கேட்டு ஆஹா ஓஹோன்னுட்டு நோட்ல எழுதிக்கிட்டு ரயிலேறிடுவாங்க. அந்தக் கெழவியோட பேரன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவான். ஓ கைனுக்கு இந்தக் கனவான்களைக் கண்டாலே ஆகாது, எனக்கும் அந்தக் கோவம் நியாயமாத்தான் படுது.

டப்ளின்ல ஆசிரியர் பயிற்சி முடிச்சிட்டு ஊர் பக்கமே வாத்தியாரா வந்தாரு. அப்பதான் ரொம்ப சிம்பிளா ஒண்ணு கேட்டாரு, ஐரிஷ் பேசுறவன் சாப்பாட்டுக்கு வழியில்லாம ஊரை விட்டுப் போயிட்டே இருந்தா நீ ஸ்கூல்ல எவனுக்கு இலக்கணம் சொல்லிக் குடுக்கறேன்னு. கிழக்குப் பக்கம் மீத் மாவட்டத்துல நல்ல கறுப்பு மண்ணு, பெரிய பெரிய பண்ணைக்காரங்க மாடு மேய்ச்சிட்டு இருக்காங்க, அதுல எங்களுக்குக் குடுங்கன்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க, இவரும் அதுல முன்னாடி நின்னவரு. 1934ல கானமாராவுலேருந்து சைக்கிள் மிதிச்சே டப்ளின் போய் அப்ப ஆட்சித் தலைவரா இருந்த டி வலேரா கிட்ட கேட்டாங்க. அடுத்த வருஷமே 27 குடும்பங்களுக்கு மீத்ல ராத் கார்ன்ங்கற இடத்துல வீடும், குடும்பத்துக்கு சுமார் 22 ஏக்கரும் கெடச்சுது. மொழிப் போராட்டம்னு சொல்லி ஏக்கர் கணக்குல நிலம் வாங்கினவங்க வேற யாராவது இருக்காங்களான்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல.

சந்தோஷம் ரொம்ப நாள் நிக்கல. அப்ப அயர்லாந்துல வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்தது அரசாங்கம், ஆனா ஸ்கூலை நடத்தினது பாதிரியார். ஓ கைன் ஐஆர்ஏ ஆளுன்னு, அதாவது பிரிட்டனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கின படையோட ஆளுன்னு, 1936ல பிஷப் இவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாரு. ஐஆர்ஏ ஆளுங்கறது பொய்யும் இல்ல, நல்லா உள்ளயே இருந்தவருதான். அந்தத் துப்பாக்கி அரசியலால ஐரிஷ்க்கு ஒரு குண்டூசி லாபம் கெடயாதுங்கறது என் அபிப்பிராயம், அவரோட ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவால்ல. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல, 1940லேருந்து 44 வரைக்கும், அதே டி வலேரா அரசாங்கம் விசாரணையே இல்லாம இவரை கராங்கற ராணுவ முகாம்ல அடைச்சு வெச்சுது. வாத்தியாருக்கு முகாம் என்ன ஸ்கூல் என்ன, உள்ள இருந்தவங்களுக்கு ஐரிஷ் கிளாஸ் எடுத்தாரு.

இனி நாவலுக்கு வரேன், இதைச் சொல்லத்தான் பதிவே ஆரம்பிச்சேன். 'க்ரே ந கில்லே', கல்லறை மண்ணுன்னு வெச்சுக்கலாம், 1949ல வந்துது. அதுல வர்ற எல்லாரும் செத்தவங்க. மண்ணுக்கடியில படுத்துக்கிட்டு பேசுறாங்க, பேச்சைத் தவிர நாவல்ல ஒண்ணுமே இல்ல, யார் பேசுறாங்கன்னு கூட போட்டிருக்காது, நாமதான் கொரலை வெச்சுக் கண்டுபிடிக்கணும். கட்ரீனான்னு ஒரு கெழவி, இப்பதான் பொதைச்சிருக்காங்க. கண்ணு முழிச்சதும் அவளுக்கு வர்ற முதல் கவலை சொர்க்கமா நரகமான்னு இல்லைங்க, என்னை ஒரு பவுண்டு குடுத்து வாங்கற ஒசந்த இடத்துல பொதைச்சானுங்களா இல்ல 15 ஷில்லிங் இடத்துலயான்னுதான். அதை விட மலிவா அரை கினி இடம்னு ஒண்ணு இருக்கு, அங்க இருக்கறவங்களை மத்தவங்க மதிக்க மாட்டாங்க. மேல உயிரோட இருக்கற நெல்ங்கற தங்கச்சி மேல அப்படி ஒரு வயித்தெரிச்சல், தான் ஆசைப்பட்டவனை அவ கட்டிக்கிட்டா. புதுப் பொணம் எது எறங்கினாலும் நெல் எப்படி இருக்கா, என் பையன் எனக்கு நல்ல கல்லுல சிலுவை வெச்சுட்டானான்னு ஒரே விசாரணை. நடுவுல விமானம் விழுந்து செத்த ஒரு பிரெஞ்சுக்காரன் வேற அங்க கெடக்கான், அவன் பக்கத்துல கெடக்கறவங்க கிட்டேருந்து ஐரிஷ் கத்துக்கறான். அந்த எடத்துல நான் பஸ்ல சத்தமா சிரிச்சு பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு. ஐரிஷை ஆசையாக் கத்துக்கறவன் ஒரு வெளிநாட்டுப் பொணம்! மொழி வளர்ச்சி கமிட்டிக்காரங்க மூஞ்சியில இதை விட நேரா யாரும் துப்ப முடியாது.

பழைய மொழி, புனித மொழி, முன்னோர் மொழின்னு எல்லாரும் சாமி மாதிரி மாலை போட்டுட்டு இருந்த நேரத்துல இவரு அதே மொழியில கெழவிங்களைத் திட்ட விட்டாரு, சாபம் விட விட்டாரு, கடன் பாக்கி கேக்க விட்டாரு. கார்க்கியோட கதை ஒண்ணை பிரெஞ்சுல படிச்சப்பதான், நம்ம ஊர் ஜனங்களையும் இப்படி எழுதலாமேன்னு தோணுச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. கேல்டக்ட்ல எழுதப் படிக்கத் தெரியாத பெருசுங்களுக்கு சின்னப் பசங்க இந்த நாவலை வாசிச்சுக் காட்டுவாங்களாம்.

ஒரு குறை சொல்லியே ஆகணும். அவரோட ஐரிஷ் கஷ்டம். ஊர்ப் பேச்சு, பழைய இலக்கியச் சொல்லுன்னு எல்லாம் கலந்து கட்டி அடிப்பாரு, வேற வட்டார ஐரிஷ்காரங்களே தெணறுவாங்க, எளிமையா எழுதுங்கன்னா கேக்கற ஆளும் கெடயாது. இங்கிலீஷ்ல முழுசா புக்கா வர 2015 ஆச்சு. அதுக்கு 20 வருஷம் முன்னாடியே நார்வே மொழியில வந்துடுச்சு, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடைசில சொல்ற மாதிரி.

மீதி வேகமா. முகாம்லேருந்து வந்தப்புறம் நாடாளுமன்றத்துல மொழிபெயர்ப்பாளர் வேலை. பல்கலைக்கழகப் பட்டம் கெடயாது, ஆனா 1956ல டப்ளின்ல இருக்கற டிரினிட்டி காலேஜ் விரிவுரையாளரா எடுத்துக்குச்சு, 1969ல பேராசிரியர். மறு வருஷம் அக்டோபர்ல போயிட்டாரு.

அந்த ராத் கார்னுக்கு என்னாச்சுன்னு கேப்பீங்க. சுத்தி எல்லா ஊரும் இங்கிலீஷ், வந்த புதுசுல இந்தப் பஞ்சப் பரதேசிங்களுக்கு எங்க ஊர் நிலமான்னு முணுமுணுப்பு வேற. அதிகாரபூர்வமா கேல்டக்ட்னு ஒத்துக்கவே அரசாங்கம் 1967 வரைக்கும் இழுத்துச்சு, 32 வருஷம். டப்ளின்லேருந்து கார்ல கிளம்பினா சுமார் ஒரு மணி நேரம். கானமாராவுலேருந்து போன அந்தக் குடும்பங்களோட பேரன் பேத்திங்க வீட்டுல இன்னைக்கும் ஐரிஷ் பேச்சு கேக்கலாம், அதுவும் மீத் மாவட்டத்துல, கானமாரா வாடையோட.