மீனப் பிடிச்சு திரும்ப விட்டா குற்றமில்லையா?

"தண்ணிக்கே திரும்ப விட்டா எந்த மீனையும் எங்கயும் பிடிக்கலாம், மீனுக்கும் ஒன்னும் ஆகாது"ன்னு மஹ்சீர்ங்கிற ஆத்து மீன் போட்டோவோட மெசேஜ் ஒன்னு ஹட்டன், நுவரெலியா பக்கம் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சுத்துது. பிழைங்க அது.

1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட மீன்களுக்கு பட்டியலே இருக்கு, அத விடுறதுக்காகப் பிடிச்சாலும் பிடிச்சதுதான். ஹோட்டன் சமவெளி 1988லேர்ந்து தேசிய பூங்கா, அங்க அனுமதி இல்லாம தூண்டில் போட ஏலாது, வெள்ளக்காரன் கொண்டாந்து விட்ட ட்ரவுட் மீனா இருந்தாலும்தான்.

மஹ்சீர் மாதிரி மல்லுக்கட்டுற மீனுக்கு இழுபடுறப்ப தசையில லாக்டிக் அமிலம் ஏறி களைச்சுப் போயிரும், அத காஞ்ச கையால தூக்கிப் புடிச்சு செல்ஃபி எடுத்தா மேல உள்ள வழுவழுப்பு கையோட வந்துரும், நல்லா நீந்திப் போனது பிறகு செத்து மிதக்கிறதும் உண்டு.

சந்தேகம்னா வனஜீவராசிகள் திணைக்களத்துல கேளுங்க. ஃபார்வர்ட் பண்றத நிப்பாட்டுங்கப்பா.