ஸ்கேனுக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள்

தலைசுற்றல் வந்தால் உடனே ஸ்கேன் வேண்டுமா என்று கேட்கும் உங்கள் கட்டுரை, தலையைத் திருப்பிப் படுக்க வைத்துக் கண் அசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையை ஒரே வரியில் முடித்துவிட்டது. இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

என் அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே அறை சுற்றும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நாலு மாதம் கழுத்துப்பட்டை, மாத்திரை. அப்புறம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் இந்தச் சோதனையைச் செய்தார். அம்மாவின் தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொண்டார். நாலைந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு கருவிழிகள் மேல்நோக்கிச் சுழன்று துடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. உள்காதின் கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டதன் அடையாளம் அது. அங்கேயே எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, துகள்களை வெளியேற்றிச் சரிசெய்தார்.

காது இரைச்சலும் மந்தமும் சேர்ந்து சில மணி நேரம் சுற்றினால், உள்காதைப் பாதிக்கும் மெனியர் நோயா என்று பார்க்கக் கேட்புத்திறன் சோதனை வேண்டும்.

நாள் முழுக்க விடாமல் சுற்றினால் கதை வேறு. 1988-இல் ஹால்மாகி, கர்தாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் விவரித்த சோதனை அதற்குத்தான். மருத்துவரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சடக்கென்று திருப்புவார்கள். பார்வை நழுவித் திரும்ப வந்து ஒட்டினால் பெரும்பாலும் சமநிலை நரம்பில் அழற்சி. விடாத சுற்றலிலும் பார்வை நழுவவே இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும், பக்கவாதமாக இருக்கலாம். தயவுசெய்து இதைக் கட்டுரையில் சேருங்கள்.