அமைச்சர் அறையின் கேமராவும் பள்ளிவாசல் வாசலின் கேமராவும்

2021 ஜூன் 25 அன்று, பிரிட்டனின் சுகாதார அமைச்சராக இருந்த மாட் ஹான்காக் தன் அலுவலகத்தில் ஆலோசகர் ஒருவரை அணைத்து முத்தமிடும் காட்சி நாளிதழில் வெளியானது. கொரோனா காலத்தில் ஊருக்கெல்லாம் இடைவெளி விதித்தவரே அதை மீறியதால் மறுநாளே பதவி விலக நேர்ந்தது. எல்லோரும் முத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதைப் படம்பிடித்த கேமரா சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த ஹிக்விஷன் நிறுவனத்தின் தயாரிப்பு என்ற செய்தியும் வந்தது. அமைச்சரின் தலைக்கு மேலேயே அப்படி ஒரு கண் இருந்ததா என்ற பதற்றம் அதன் பிறகுதான் லண்டனில் உண்மையாகவே தொற்றிக்கொண்டது.

அந்தப் பதற்றத்தில்தான் எனக்கு உறுத்தல். இந்த நிறுவனத்தின் மீது மிகக் கனமான குற்றச்சாட்டு அதற்கும் மூன்றாண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது. உய்குர் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், மோயு மாவட்டத்தின் 967 பள்ளிவாசல்களில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பொருத்தும் ஒப்பந்தத்தை ஹிக்விஷன் பெற்றதை, கண்காணிப்புக் கருவித் துறையை ஆராயும் அமெரிக்க இதழான ஐபிவிஎம் 2018-இல் வெளிக்கொணர்ந்தது. தொழுகைக்கு யார் வருகிறார்கள் என்பதை முகத்தைக் கொண்டே அரசு அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு, எதிரே வருபவர் உய்குர் இனத்தவரா என்பதைத் தானாகவே கண்டறியும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கேமரா ஒன்றைப் பற்றி அதே இதழ் விசாரித்ததும், நிறுவனம் அந்த விளம்பரப் பக்கத்தை நீக்கிவிட்டது.

இப்படிச் சேரும் தகவல் என்னவாகிறது என்பதை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019-இல் விளக்கியது. ஷின்ஜியாங் காவலர்கள் கைப்பேசியில் பயன்படுத்திய ஒரு செயலியை அந்த அமைப்பு பிரித்து ஆராய்ந்தது. வீட்டின் முன்வாசலை விட்டுப் பின்வாசலைப் பயன்படுத்துவது, அண்டை அயலாருடன் அதிகம் பழகாதிருப்பது, வழக்கத்துக்கு மேல் மின்சாரம் செலவழிப்பது ஆகியவையெல்லாம் அதில் சந்தேகத்துக்குரிய செயல்கள். அந்தச் செயலியின் பின்னணியிலுள்ள ஒருங்கிணைந்த தரவு அமைப்பை உருவாக்கியது சிஇடிசி என்ற அரசு நிறுவனம். ஹிக்விஷனின் கட்டுப்பாட்டுப் பங்குகளும் அந்தக் குழுமத்திடமே இருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகு வந்த தடைகளின் வாசகங்களைப் பாருங்கள். 2019 அக்டோபரில் ஹிக்விஷனையும் மற்றொரு சீனக் கேமரா நிறுவனமான தாஹுவாவையும் வர்த்தகக் கறுப்புப் பட்டியலில் சேர்த்த அமெரிக்கா, உய்குர்கள் மீதான அடக்குமுறையை வெளிப்படையாகவே காரணமாகக் காட்டியது. அந்த ஒன்றை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பட்டியல் தடுத்தது, அமெரிக்கத் தொழில்நுட்பம் அவர்களுக்குப் போய்ச் சேர்வதை மட்டுமே. கேமரா வாங்குவதைத் தடுத்த சட்டங்கள் பெரும்பாலும் தேசப் பாதுகாப்பைப் பற்றியே பேசின. 2022 நவம்பரில் பிரிட்டன் அரசு, சீன உளவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்களின் கேமராக்களைப் பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த அரசு வளாகங்களில் இனிப் பொருத்தக்கூடாது என்று தன் துறைகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையிலேயே 67 நாடாளுமன்ற உறுப்பினர்கள் விற்பனைக்கே தடை கேட்டிருந்தார்கள். கிடைத்த உத்தரவோ நகராட்சிக்கோ பள்ளிக்கோ கடைக்கோ பொருந்தாது. 2023-இல் ஆஸ்திரேலியாவும், தன் அரசுக் கட்டடங்களில் இருந்த 900-க்கும் மேற்பட்ட சீனக் கருவிகளை எண்ணிப் பார்த்துத்தான் கழற்ற முனைந்தது.

பாதுகாப்பு அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. கடவுச்சொல்லே இல்லாமல் கேமராவை முழுவதுமாகக் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை ஒன்று 2021-இல் ஹிக்விஷன் கருவிகளில் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. ஆனால் ஓட்டையை அடைத்துவிடலாம். பொருளின் பிறப்பிடத்தையும் மாற்றிவிடலாம். பள்ளிவாசல் வாசலில் நிற்கும் கேமராவைப் பொறுத்தவரை, அது பழுதில்லாமல் வேலை செய்வதுதான் அங்கிருப்பவர்களுக்கு ஆபத்து. உய்குர்கள் மீதான குற்றங்களை ஒப்புக்கொள்கிறீர்களா என்று பிரிட்டனின் கண்காணிப்புக் கேமரா ஆணையராக இருந்த ஃப்ரேசர் சாம்ப்சன் ஹிக்விஷனிடமே எழுதிக் கேட்டார். நேரான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கேட்ட அந்தக் கேள்வியைக் கொள்முதல் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனக் கேமராவைக் கழற்றும் அதே பிரிட்டனில், தெருவில் நடப்பவர்களின் முகங்களை நேரலையில் தேடும் லண்டன் காவல்துறை பயன்படுத்தும் மென்பொருள் ஜப்பானின் என்இசி நிறுவனத்துடையது. இதே வகைத் தொழில்நுட்பத்தை சௌத் வேல்ஸ் காவல்துறை பயன்படுத்திய விதம் சட்டவிரோதமானது என்று 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சீனாவின் பெயரே அடிபடவில்லை.

இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல், கண்காணிப்புக் கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் சோதனை கேமராவுக்குத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அல்ல. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அண்மையில் புதிய கேமராக்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விவாதித்தோம். பதிவுகளை யாரெல்லாம் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று நான் கேட்டதற்கு, கேமரா பொருத்த வந்தவர், "ஹார்டு டிஸ்க் நிறைகிற வரைக்கும் இருக்கும் சார்" என்றார். யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.