காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்

'ஃபுட் (பாதம்) – ஃபீட், டூத் (பல்) – டீத் எல்லாம் விதிக்குள் வராதவை, உருப்போடுவதைத் தவிர வழியில்லை' என்கிறது ஆங்கில ஒருமை–பன்மை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. குடியாத்தத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறவன் நான். இதை ஏற்க மனம் வரவில்லை.

'டூத்ஸ்னு எழுதினா ஏன் சார் தப்பு?' என்று ஆறாம் வகுப்புப் பெண் கேட்கிறாள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. மிகப் பழைய காலத்தில் இந்தப் பன்மைகளின் கடைசியில் ஓர் 'இ' ஓசை இருந்தது. அது முன்னால் நின்ற 'ஓ'வை 'ஏ' ஆக்கிவிட்டுத் தேய்ந்து மறைந்தது. அப்படித்தான் பழைய ஆங்கிலத்தில் ஒருமை 'ஃபோட்', பன்மை 'ஃபேட்'. பின்னாளில் அந்த ஓ ஊவாகவும், ஏ ஈயாகவும் மாறின. ஃபுட்டில் அது பிறகு குறுகியும் போனது. நாமும் இலையை 'எலை', உடம்பை 'ஒடம்பு' என்கிறோமே, அங்கேயும் பின்னால் வரும் உயிர்தான் முன்னதை மாற்றுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஷீப், டீர் மாறாதவை, அவற்றை நினைவில் வைத்தால் சரி. ஆனால் 'சில்ட்ரன்' அருமையான சொல். பழைய பன்மையில் ஏற்கெனவே 'ர்' இருந்தது. அது போதாதென்று, 'ஆக்ஸன்' சொல்லில் உள்ள அதே 'அன்' விகுதியும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அரசுப் பாடநூலில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம்.