பத்து நிமிஷம் பொறுக்க முடியாதா மாமா?

காலையில் 6.40-க்கு நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு இன்று சோறு இறங்காது.

கொல்லைச் சுவர்ப் பொந்தில் கொண்டலாத்தி குஞ்சு பொரித்திருக்கிறது. ஐந்து நாளாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பனையோலைத் தட்டி மறைவில் காத்துக் கிடக்கிறேன். வருஷம் முழுக்க ஓடியபின் கிடைத்த மே மாத லீவு. அதிலும் ஏழரைக்கு மேல் எங்கள் ஊர் உச்சிப்புளி வெயிலில் படம் எடுக்கவே முடியாது, மணல் கண்ணைப் பறிக்கும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். இரையோடு பொந்து வாசலில் இறங்குகிற அந்த நொடி. இறங்கும்போது கொண்டையை விசிறி மாதிரி விரிக்கும், கண் மூடித் திறப்பதற்குள் மடக்கிவிடும்.

இன்று வந்தது. வாழைப் பாத்தி ஈரமண்ணில் அலகை அடிவரை குத்தி, கொழுத்த வெள்ளைப் புழு ஒன்றை இழுத்தது. முருங்கைக் கிளைக்குத் தாவியது. அங்கிருந்து பொந்துக்கு எட்டடிதான். ஷட்டரில் விரல் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

“மாப்ள! தட்டிக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?”

பக்கத்து வீட்டு மாமா. படலைத் தள்ளிக்கொண்டு வருகிறார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். கையை ஆட்டி நிற்கச் சொன்னேன். “என்ன, பாம்பா?” என்று இன்னும் சத்தமாகக் கேட்டார். குஞ்சு இருக்கு மாமா, சத்தம் போடாதீங்க என்றேன். அவ்வளவுதான், நேரே பொந்துக்குப் போய் செல்போன் டார்ச்சை அடித்து முகத்தை நுழைத்தார். “ச்சீ, என்ன இப்படி நாறுது!” நாறத்தான் செய்யும். எதுவும் கிட்டே வரக்கூடாது என்றுதான் தாயும் குஞ்சும் வாலடிச் சுரப்பியிலிருந்து அந்த நாற்றத்தை விடுகின்றன. அப்புறமும் நகர்ந்தாரா? சவுதியில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டு, “இங்க பாருடா” என்று ஆரம்பித்தார்.

இருபத்தைந்து நிமிஷம். கிளையில் அது கொண்டையை விரிப்பதும் மடக்குவதுமாகத் தவிக்கிறது. அலகில் புழு நெளிவது நின்றே போனது. பொந்துக்குள் குஞ்சுகள் சீறுகிற சத்தம் தொட்டிவரை கேட்கிறது. கடைசியில் புழுவோடு பனைக்கு அப்பால் பறந்துவிட்டது.

படம் போனதில் வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட எரிகிற விஷயம் வேறு. மாமா விசைப்படகுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. “மீன் சினை விடுற காலம் மாப்ள, நாமதான் விலகி நிக்கணும்” என்று போன வாரம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இதே மாமாதான். மீனுக்காக வருமானத்தை விட்டு இரண்டு மாசம் விலகி நிற்கத் தெரிந்த மனுஷனுக்கு, கொல்லையில் ஒரு தாய் இரை ஊட்டுகிற பத்து நிமிஷம் விலகி நிற்கத் தெரியாதா? அங்கே புரிந்தது இங்கே ஏன் புரியவில்லை?

போகும்போது, “அத்தை சாம்பாருக்குக் கேட்டுச்சு” என்று முருங்கைக்காயை இழுத்தார். முருங்கை லேசில் முறிகிற மரம், கிளையோடு வந்துவிட்டது. தினமும் அது வந்து உட்காருகிற கிளை. கேட்டிருந்தால் நானே பறித்துக் கொடுத்திருப்பேனே!

பங்குனியில் வாங்கிப் போன எங்கள் ஏணியும் இன்னும் அவர் வீட்டில்தான் சாய்ந்து நிற்கிறது.